பாம் ஜீசஸ்: அந்தச் சிவப்பு பழசு இல்ல

பழைய கோவாவின் பாம் ஜீசஸ் தேவாலயம்னாலே நமக்கு அந்தச் செந்நிறச் சுவர்தான் ஞாபகம் வரும். 400 வருஷப் பழமை அப்படியே நிக்குதுன்னு நினைப்போம். ஆனால் அந்தத் தோற்றம் 1950களில் வந்தது!

1594இல் கட்டத் தொடங்கி 1605இல் அர்ச்சிக்கப்பட்ட இதன் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. போர்த்துகீசிய ஆட்சியின் கடைசிக் காலத்தில் அதை உரித்துவிட்டார்கள். உள்ளிருப்பது லேட்டரைட் கல். உடம்பெல்லாம் துளை, மழைநீரை உறிஞ்சி அரிக்கும். பூச்சுதான் அதற்குக் குடை.

அழகிலும் நஷ்டமே. வெள்ளைச் சுவரில் பளிச்சென்று தெரிய வேண்டிய பசால்ட் தூண்களும் செதுக்கல்களும் சிவப்பில் மங்கிவிட்டன. பரோக் முகப்புக்கு அந்த வேறுபாடுதானே உயிர்?

மறுபடி பூசினால் பாரம்பரியம் போய்விடும் என்பது சரியான வாதமாகப் படவில்லை. போட்டோவில் பழகிய முகத்துக்காகக் கட்டடத்தைக் கரைய விடலாமா? பூசுவதே நியாயம்.