பாரம் தாங்கும் சக்கரம்

தாசேக் கெலுகோர் ஊரைச் சுற்றிப் பெரும்பாலும் சமநிலம்; கனத்த உடம்புக்காரருக்கும் ரேசிங் சைக்கிள் இங்கே சுகம்தான். வாங்கும்போது சைக்கிளின் எடை குறைவைப் பார்த்து மயங்காமல் பின்சக்கரத்தைப் பாருங்கள். ஓட்டுபவரின் பாரத்தில் பெரும்பங்கை அதுதான் சுமக்கிறது.

அந்தக் கால இங்கிலாந்துச் சைக்கிள்களில் முன்னே 32 கம்பி, பின்னே 40. என்ன அருமையான கணக்கு! இன்றைய 20, 24 கம்பிச் சக்கரங்கள் பலவும் மெலிந்தவர்களின் வேகத்துக்கானவை. கனத்தவருக்கு 32 அல்லது 36 கம்பிகள், 32 மில்லிமீட்டர் டயர், தயாரிப்பாளர் குறிப்பிடும் எடை வரம்பு ஆகியவையே முக்கியம்.

நல்ல கைகள் முறுக்கிய சக்கரத்தில், ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டினால் வீணைத் தந்திபோல் ஒத்த சுருதி எழும். இழுவிசை சமமாக இருந்தால் கம்பி எளிதில் அறுவதில்லை. அந்தக் கைவேலைக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.