குருவின் சொல்லும் மனச்சான்றின் குரலும்

தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் நம் மேய்ப்பர்களைக் 'குரு' என்றே அழைக்கிறோம். அவர்கள் பயிலும் இடம் குருமடம். அவர்கள் பெறும் அருளடையாளம் குருத்துவம். ஆயருக்கு அடுத்த நிலையில் மறைமாவட்டத்தை நிருவகிப்பவர் குருகுல முதல்வர். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, இம்மண்ணின் குரு ஒருவரின் கோலம் பூண்டே நற்செய்தியை அறிவித்தார். இந்து சமய உடன்பிறப்புகளோடு நாம் பகிர்ந்துகொள்ளும் சொற்களுள் இத்துணை ஆழமாக நம் வாழ்வில் ஊன்றிய சொல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. சொல்லைப் பகிர்ந்துகொண்ட இரு மரபுகளும் அச்சொல்லைச் சூழ்ந்துள்ள ஆபத்தையும் பகிர்ந்துகொள்கின்றனவா என்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைவரின் சொல்லே சட்டமாகி, அடியாரின் மனச்சான்று வாய்மூடிப் போகும் இயக்கங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எளிய எடுத்துக்காட்டுகளையே நாடுவர். 1978 நவம்பரில் கயானா நாட்டுக் காட்டில் ஜிம் ஜோன்ஸ் என்பவரைப் பின்பற்றி மாண்ட தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுட்டிக்காட்டி, 'வழிதவறிய கூட்டம்' என்று கூறி அமைதி கொள்வர். நம்மைத் தொடாத எடுத்துக்காட்டு நமக்கு எதையும் கற்பிப்பதில்லை. ஆகவே, கோட்பாட்டில் பிறழாத, தத்தம் மரபின் நடுவிலேயே வேர்கொண்ட இரண்டு இயக்கங்களை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, இஸ்கான் எனப்படும் அகில உலக கிருஷ்ண பக்தி இயக்கம். மற்றொன்று, மெக்சிகோவில் தோன்றிய 'கிறிஸ்துவின் சேனை' என்னும் நம் திருச்சபையின் துறவற சபை. நம் பங்குகளில் செபமாலையும் பணியுமாய் விளங்கும் மரியாயின் சேனைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இவ்விரண்டிலும் தூய உள்ளத்தோடு வாழ்ந்தவரும் வாழ்பவரும் பலர் உளர். அவர்களை இகழ்வது நம் கருத்தன்று. அவர்களுடைய தூய்மையே மற்றவரால் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதே நம் கேள்வி.

பதினொரு இருக்கைகள்

வங்கத்துச் சைதன்யரின் வைணவ மரபில் வந்த பக்திவேதாந்த பிரபுபாதர், ஏறத்தாழ எழுபது வயதில், 1965இல், ஒரு சரக்குக் கப்பலில் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டே நியூயார்க்கில் தம் இயக்கத்தை நிறுவினார். தம் காலத்துக்குப் பின் இயக்கம் ஒருவர் கையில் சிக்கிவிடலாகாது என்பதற்காக 1970இல் ஆட்சிக்குழு ஒன்றையும் அமைத்தார். 1977 நவம்பரில் அவர் மறைந்தபின் நிகழ்ந்தது வேறு. பதினொரு சீடர்கள் உலகைப் பதினொரு மண்டலங்களாகப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் மண்டலத்தில் ஒரே குருவாக அமர்ந்தனர். கோயில்களில் அவர்களுக்கு உயர்ந்த இருக்கைகள் இடப்பட்டன, வழிபாடு நடத்தப்பட்டது. நேற்றுவரை உடன்சீடராய் இருந்தவர்கள் இன்று அவர்கள்முன் விழுந்து வணங்க வேண்டியவராயினர்.

அவர்களுள் ஒருவர் கீர்த்தனானந்தர், பிறப்பால் அமெரிக்கர், பாப்டிஸ்டு சபைப் போதகர் ஒருவரின் மகன். மேற்கு வர்ஜீனியாவில் அவருடைய தலைமையில் எழுந்த புதிய பிருந்தாவனத்தில் பொன்மாளிகை ஒன்று 1979இல் திறக்கப்பட்டது. காண வந்தோர் பலர். அவரைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய முன்னாள் பக்தர் ஒருவர் 1986இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காகத் தண்டனை பெற்றவர் அதே குடியிருப்பைச் சேர்ந்த இன்னொரு பக்தர். 1987இல் கீர்த்தனானந்தரை இயக்கம் வெளியேற்றியது. 1996இல், திட்டமிட்ட மோசடிக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அவர் சிறை சென்றார்.

இதனினும் கொடியது பிள்ளைகளுக்கு நேர்ந்தது. இயக்கத்தின் குருகுலங்களுக்கு ஐந்து வயதிலேயே பிள்ளைகள் அனுப்பப்பட்டனர். பெற்றோர் நூல் விற்பனைக்கும் கோயிற்பணிக்கும் சென்றனர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்குப் பிள்ளைகள் அடிபட்டதையும் பாலியல் வன்முறைக்கு உள்ளானதையும் இயக்கத்தின் ஆய்விதழே 1998இல் வெளியிட்டது. 2000இல் பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர்.

'நம் தந்தை'

இனி, நம் இல்லத்துக் கதைக்கு வருவோம். 1941இல் மெக்சிகோ நகரில் பதின்மூன்று சிறுவர்களோடு மார்சியல் மாசியேல் என்னும் இருபது வயதுக் குருமாணவர் தொடங்கியதே கிறிஸ்துவின் சேனை. உலகெங்கும் இறையழைத்தல்கள் குறைந்த காலத்தில் இச்சபை குருமாணவர்களால் நிரம்பி வழிந்தது. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் எழுந்தன. கோட்பாட்டில் ஒரு சொல்லும் பிறழாத சபை என்று பெயர் பெற்றது. நிறுவுநரை உறுப்பினர்கள் 'நம் தந்தை' என்றே அழைத்தனர். மண்ணுலகில் எவரையும் தந்தை என்று அழைக்க வேண்டாம் எனத் தம் சீடரை எச்சரித்த ஆண்டவரின் சொல், மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கப்படாமலே கிடந்தது போலும்.

துறவறத்தின் மூன்று வார்த்தைப்பாடுகளோடு இச்சபையில் தனி வார்த்தைப்பாடு ஒன்றும் இருந்தது: மேலாளர்களை ஒருபோதும் குறைகூறுவதில்லை, குறைகூறுவோரை மேலாளருக்கு அறிவிப்பது. பிறர்மீது அவதூறு கூறலாகாது என்னும் நல்ல அறநெறி, அவதூறன்று, உண்மையே ஆயினும் பேசலாகாது என்று இங்கு உருமாறியது.

1956இல் திருப்பீடம் மாசியேலைப் பொறுப்பிலிருந்து விலக்கி விசாரித்தது. 1959இல் அவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். அந்த விசாரணையில் வாய்திறக்காமல் இருந்ததாக, அன்று சிறுவராயிருந்த சிலர் பின்னாளில் கண்ணீரோடு கூறினர். 1997இல் ஒன்பது முன்னாள் உறுப்பினர்களின் சாட்சியத்தை அமெரிக்க நாளேடு ஒன்று வெளியிட்டது. 1998இல் உரோமையில் முறைப்படி முறையீடு செய்யப்பட்டது. தாம் இழிவுபடுத்தியவர்களுக்குத் தாமே பாவமன்னிப்பு வழங்கினார் என்பதே அம்முறையீட்டின் மையக் குற்றச்சாட்டு. எனினும் 2004இல், அவருடைய குருத்துவ வாழ்வின் அறுபதாம் ஆண்டு நிறைவில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை வெளிப்படையாக வாழ்த்தினார். 2006 மே திங்களில்தான், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு, பொதுப்பணி அனைத்தையும் விட்டுச் செபத்திலும் தவத்திலும் வாழுமாறு அவர் பணிக்கப்பட்டார். 2007இல் அத்தனி வார்த்தைப்பாடு நீக்கப்பட்டது. 2008இல் அவர் இறந்தார். 2010இல் திருப்பீடம் அவருடைய செயல்கள் உண்மையான குற்றங்களே என அறிவித்தது. 2019இல் சபையே வெளியிட்ட அறிக்கையின்படி, 1941 முதல் அச்சபையின் 33 குருக்களால் 175 சிறார் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 60 பேர் மாசியேலால் பாதிக்கப்பட்டவர்கள்.

ஒரே மௌனத்துக்கு இரு வாயில்கள்

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு ஒற்றுமைகள் உடனே புலப்படும். இளம்வயதில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள். தலைவரைக் குறைகூறுவதே பெரும்பாவம் என்னும் போதனை. விலகிச் சென்றவரைத் துரோகி எனக் கருதும் மனநிலை. எண்ணிக்கையும் கட்டடங்களுமே இறையருளின் சான்று என்னும் பெருமிதம். ஆயினும் இப்பட்டியலோடு நின்றுவிட்டால் ஒப்பீடு மேலோட்டமானதாகவே முடியும். இரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமையே நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது.

வைணவக் குருமரபில் குரு தூயவராக இருத்தல் இன்றியமையாதது. இறையருள் அவர் வழியாகவே சீடனை வந்தடைகிறது. அவர் வீழ்ந்தால், அவரிடம் பெற்ற தீக்கை என்னாவது, தம் ஆன்மீகப் பிறப்பே பொய்யா என்று சீடன் கலங்குகிறான். அக்கலக்கத்தைத் தாங்கமாட்டாமல் அவன் குருவின் வீழ்ச்சியையே மறுத்துவிடுகிறான். 'குரு வீழார், வீழ்ந்தது போல் தோன்றுவதும் அவரது திருவிளையாடல்' என்கிறான்.

நம் மறையியல் இதற்கு நேர்மாறானது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்து கட்சியினர், தகுதியற்ற குரு வழங்கும் அருளடையாளம் செல்லாது என்றனர். புனித அகுஸ்தீன் அதை மறுத்தார்: குருவின் கைவழியே திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே, ஆதலால் வழங்குபவரின் பாவம் அருளைத் தடுக்காது. இது இறைமக்களுக்குப் பேராறுதல். தம் பங்குக்குருவின் உள்ளத்தை ஆராய்ந்த பின்னரே நற்கருணை வாங்க வேண்டும் என்னும் அச்சம் நமக்கு இல்லை. ஆயின் ஆறுதலாகத் தரப்பட்ட இக்கோட்பாட்டைச் சாக்குப்போக்காக மாற்றிக்கொள்வதும் எளிது. 'அவர் எப்படிப்பட்டவராயினும் அவர் நிறைவேற்றும் திருப்பலி செல்லும்' என்பது, 'ஆகவே அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்க வேண்டியதில்லை' என வழுக்கிவிடுகிறது. அருளடையாளத்தின் செல்லுபடியைக் காத்த அகுஸ்தீன், தவறிழைத்த பணியாளரைப் பதவியில் வைத்துக் காக்குமாறு எங்கும் கூறவில்லை.

அங்கே, குரு தூயவராய் இருந்தேயாக வேண்டும் என்பதால் குற்றம் மறுக்கப்பட்டது. இங்கே, தூயவராய் இல்லாவிடினும் அருள் குன்றாது என்பதால் குற்றம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. வாயில்கள் இரண்டு; சென்று சேர்ந்த மௌனம் ஒன்றே. கோட்பாடு சரியாக இருந்தால் போதும், கொடுமை நுழையாது என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அதிகார அமைப்பும் தானாகவே காப்பாற்றுவதில்லை. இந்து சமயத்தில் அனைவரையும் கட்டுப்படுத்தும் தலைமைப்பீடம் இல்லை. அதனாலேயே இவை நிகழ்கின்றன என்று நம்முள் சிலர் கூறக்கூடும். நமக்குத் தலைமைப்பீடம் இருந்தது. முதல் விசாரணைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. கிருஷ்ண பக்தி இயக்கமோ பதினொரு குருக்களின் மண்டல ஆட்சியைப் பத்தாண்டுக்குள், கோயில் தலைவர்களும் பக்தர்களும் எழுப்பிய எதிர்ப்பினால், 1987இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. இதைக் கூறுவதால் திருச்சபைமீது நாம் கொண்ட அன்பு குறைந்துவிடாது.

மரபே தரும் மருந்து

அடக்குமுறைக்கு மருந்தை வெளியிலிருந்து கொணர வேண்டும் என்று எண்ணுவோர் உளர். மரபையே தூக்கி எறிய வேண்டும் என்பர். இரு மரபுகளிலும் மருந்து உள்ளேயே இருக்கிறது.

கிருஷ்ண பக்தி இயக்கம் முதன்மை நூலாகப் போற்றும் பாகவதத்தில் மாவலி மன்னனின் வரலாறு உண்டு. வாமனனுக்கு மூன்றடி மண் தரவேண்டாம் என்று அவனுடைய குரு சுக்கிராச்சாரியார் தடுத்தார். மாவலி குருவின் சொல்லை மீறிக் கொடுத்தான். அவனைப் பாவி என்று அந்நூல் தள்ளவில்லை. பெரும் பக்தன் என்றே கொண்டாடுகிறது. நம் தமிழகத்தில், திருக்கோட்டியூர் நம்பி மறைவாக உபதேசித்ததை இராமானுசர் கோபுரத்தின்மேல் ஏறி அனைவருக்கும் உரைத்த செய்தியை அறியாதார் யார்? குருட்டை நீக்காத குருவைக் கொள்வோர் அக்குருவோடு குழியில் வீழ்வர் என்று எச்சரித்த திருமூலரும், குருடருக்குக் குருடர் வழிகாட்டுவதைப் பற்றி எச்சரித்த நம் ஆண்டவரும் ஒரே உவமையைக் கையாண்டிருப்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

நம் மரபிலும் இதற்குக் குறைவில்லை. அந்தியோக்கியாவில் பேதுரு தவறியபோது பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். அதைக் கலாத்தியருக்கு எழுதி, திருச்சபை என்றென்றும் வாசிக்குமாறு விட்டுச்சென்றார். சியன்னா நகர்ப் புனித கத்தரீன், சாயத் தொழிலாளி ஒருவரின் மகள், அவிஞ்ஞோனில் தங்கிவிட்ட திருத்தந்தை பதினோராம் கிரகோரியாரை உரோமைக்குத் திரும்புமாறு அஞ்சாது வற்புறுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனச்சான்றே மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் திருவிடம் எனக் கற்பித்தது. உறுப்பினர் தம் உள்ளத்தைத் திறந்து காட்டுமாறு மேலாளர் எவ்வகையிலும் தூண்டலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தடைசெய்கிறது. கட்டளையிடும் வாயும் பாவ அறிக்கை கேட்கும் செவியும் ஒருவருடையதாகவே ஆகிவிட்டால் அடியாருக்கு ஒதுங்க இடமே இல்லை என்பதை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்தே அவ்வாறு வகுத்தனர். மருந்து பேழையில் இருந்தது. திறக்கத்தான் ஆளில்லை.

கனிகள் எவை?

'கனிகளைப் பாருங்கள், இத்துணைக் குருக்களையும் பள்ளிகளையும் கெட்ட மரம் தர முடியுமா?' என்பதே மாசியேலின் ஆதரவாளர்கள் பல்லாண்டு கேட்ட கேள்வி. பொன்மாளிகையைக் காட்டிப் புதிய பிருந்தாவனத்தாரும் இதையே கேட்டிருக்கலாம். ஆண்டவர் கூறிய கனி எண்ணிக்கையன்று. சிறியோர் ஒருவருக்கு இடறல் விளைவிப்பவரைப் பற்றி அவர் கூறிய சொற்களின் கடுமையை நாம் அறிவோம். ஓர் இயக்கத்தின் கனியை அறிய விரும்புவோர் அதன் விழா மேடையைக் காண்பதோடு நில்லாமல், அதைவிட்டு வெளியேறியவரிடமும் சென்று கேட்க வேண்டும். இவ்விரு இயக்கங்களிலும் உண்மையைக் கொணர்ந்தவர்கள் துரோகிகள் எனப்பட்ட அவர்களே.

கீழ்ப்படிதலே வேண்டா என்பது நம் முடிவன்று. கீழ்ப்படிதல் இன்றிச் சபையும் இல்லை, சீடத்துவமும் இல்லை. தந்தையின் திருவுளத்துக்குச் சாவு வரை கீழ்ப்படிந்த கிறிஸ்து, தலைமைக் குருவின் காவலர் ஒருவர் அறைந்தபோது, 'ஏன் அடிக்கிறாய்?' என்னும் பொருளில் கேள்வி கேட்டார் என்பதையும் யோவான் நமக்குச் சொல்லியிருக்கிறார். அக்கேள்விக்கு இடமளிக்கும் கீழ்ப்படிதலே கிறிஸ்தவக் கீழ்ப்படிதல்.

இது மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது என்று கூறி நம் பொதுநிலையினர் இதழை மூடிவிடலாகாது. செபக்குழுத் தலைவரின் 'ஆண்டவர் எனக்குக் கூறினார்' என்னும் சொல்லுக்கு மறுபேச்சே இல்லாத இடத்தில், கணக்குக் கேட்டவரை விசுவாசமற்றவர் எனப் பழிக்கும் இடத்தில், பிள்ளை கலங்கிய முகத்தோடு வந்து ஒன்றைக் கூறும்போது 'சாமியாரைப் பற்றி அப்படிப் பேசாதே' என்று தாயே வாயடைக்கும் இடத்தில், அந்த மௌனம் தொடங்கிவிடுகிறது. குருக்களாகிய எங்களுக்கு உங்கள் மரியாதை வேண்டும். அதனினும் மேலாக, நாங்கள் தவறும்போது தயங்காது கேட்கும் உங்கள் குரல் வேண்டும். அந்தப் பிள்ளையை முதலில் அமர்த்தி, முழுவதும் கேளுங்கள்.