'கும்னாம்' திரைப்படத்தில் அச்சமும் நகையும்

ராஜா நவாதே இயக்கி 1965இல் வெளிவந்த 'கும்னாம்' என்னும் இந்தித் திரைப்படம், அகதா கிறிஸ்டி 1939இல் வெளியிட்ட கொலைப் புதினத்தைத் தழுவியது. ஆளரவமற்ற இடத்தில் விமானத்திலிருந்து இறங்கிக் கைவிடப்பட்ட பயணிகள் ஒரு மாளிகையில் தங்குகின்றனர். ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். இத்தகைய துப்பறியும் கதைக்குப் பாடலும் நகைச்சுவையும் இடையூறு என்பர். மெய்ப்பாட்டியல் நோக்கில் இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது.

மூலப் புதினத்தில் ஒரு சிறுவர் பாட்டு, சாவுகளின் வரிசையையும் முறையையும் முன்னறிவிக்கிறது. சங்கர்-ஜெய்கிஷன் இசையில் லதா மங்கேஷ்கர் குரலில் ஒலிக்கும் தலைப்புப் பாடலோ அவ்வாறு எதையும் அறிவிப்பதில்லை. அதன் பணி வேறு. அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கைத் தொல்காப்பியர் சுட்டுகிறார். உரியவர் யாரெனத் தெளியாத இக்குரல் அணங்கின்பாற்பட்ட அச்சத்தை எழுப்புகிறது, கொலையாளியோ கள்வரின்பாற்பட்டவன். பார்வையாளர் அணங்கை அஞ்சும்வரை கள்வன் மறைந்திருக்கிறான். எனவே இப்பாடல் கதையைத் தடுக்கவில்லை, மர்மத்தைக் காக்கிறது.

நகையின் நிலை இத்துணை எளிதன்று. மெஹ்மூத் ஏற்ற மாளிகைப் பணியாளர் பாத்திரத்தின் லுங்கி, கருநிறம், ஐதராபாத் தக்கினிப் பேச்சு ஆகியவை சிரிப்புக்குப் பொருளாக்கப்படுகின்றன. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நகையின் நான்கு களன்களுள் இங்கு மேலோங்குவது எள்ளலே. தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் என எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவார். முகமது ரஃபி பாடிய கனவுக்காட்சிப் பாடலில் இரண்டாம் வகை வெளிப்படுகிறது. தன் கருநிறத்தை மறையாது ஏற்று, உள்ளத்தின் வளத்தை அதற்கு ஈடாக நிறுத்தி, பணியாளர் ஹெலனுடன் ஆடுகிறார். எள்ளப்பட்டவரே நகுபவர் ஆகிறார்.

ஆயினும் இம்மறுமொழி கனவுக்குள் அடங்கிவிடுகிறது. விழித்தபின் அவர் மீண்டும் ஏவல் கேட்பவரே. மூன்றாண்டுகளுக்குப்பின் 'படோசன்' (1968) படத்தில் அதே நடிகர் தென்னிந்திய இசையாசிரியராகத் தோன்றியபோதும், பேச்சொலியே நகைப்பொருளாயிற்று. 'கும்னாம்' அச்சத்தைக் கையாளும் திறத்தில் வென்றது. நகையில் பாதி வழியே சென்றது. அப்பாதி வழியும் அக்கால இந்திப் படவுலகில் குறிப்பிடத்தக்கதே.