நாடாவைப் பாருங்கள்: காக்கிச் சீருடையை ரசிப்பது எப்படி?

இன்ஸ்பெக்டரின் தோளில் மூன்று நட்சத்திரம். அவருக்கு மேலதிகாரியான டி.எஸ்.பி.யின் தோளிலும் மூன்று நட்சத்திரம். திருவிழா பந்தோபஸ்தில் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். யார் யாருக்கு சல்யூட் அடிக்க வேண்டும்? நட்சத்திரத்தை எண்ணினால் விடை கிடைக்காது. தோள்பட்டையின் வெளி ஓரத்தில், சட்டைக் கை தொடங்கும் இடத்தில், சிவப்பும் நீலமுமாக ஒரு நாடா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்ஸ்பெக்டர், இல்லாவிட்டால் டி.எஸ்.பி.

புதிதாக ஒன்றைச் சேர்க்காமல், இருந்த ஒன்றை எடுத்துவிட்டே பதவியை உயர்த்திக் காட்டும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் காக்கிச் சீருடையின் மற்ற நுணுக்கங்கள் தாமாகவே கண்ணில் படத் தொடங்கும்.

முதலில் ஒரு விஷயம். இந்தியா முழுவதற்கும் ஒரே காவல்படை என்று ஒன்று கிடையாது. அரசமைப்புச் சட்டப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் குமரி முதல் காஷ்மீர் வரை அதிகாரிகளின் தோளில் பேசப்படுவது ஒரே மொழிதான். மாநிலந்தோறும் தொப்பி மாறலாம், பெல்ட் மாறலாம், கைச்சின்னம் மாறலாம். நட்சத்திரக் கணக்கு மாறாது.

கீழிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலரின் சட்டையில் பதவிக் குறி எதுவும் இல்லை. முதல்நிலைக் காவலருக்குச் சட்டைக் கையில் கூர்முனை கீழ்நோக்கிய இரண்டு பட்டைகள். தலைமைக் காவலருக்கு மூன்று. ஊரார் ‘ஏட்டையா’ என்று கூப்பிடுவது இந்த மூன்று பட்டைக்காரரைத்தான். அதன் பிறகு குறி கையை விட்டுத் தோளுக்கு ஏறிவிடுகிறது. நாடாவோடு இரண்டு நட்சத்திரம் என்றால் சப்-இன்ஸ்பெக்டர், மூன்று என்றால் இன்ஸ்பெக்டர். நாடா உதிர்ந்து மூன்று நட்சத்திரம் மட்டும் மிஞ்சினால் டி.எஸ்.பி. நேரடியாக ஐ.பி.எஸ். தேறி வந்த இளம் ஏ.எஸ்.பி.க்கும் இதே மூன்றுதான். அவரைப் பிரித்தறிய, தோள்பட்டையின் முனையில் உலோகத்தில் பொறித்த ஐ.பி.எஸ். என்ற எழுத்துகளைத் தேடுங்கள்.

மூன்று நட்சத்திரத்துக்கு மேல் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. நான்காவது நட்சத்திரம் வராது, அசோகச் சிங்கம் வரும். கூடுதல் எஸ்.பி.க்குச் சிங்கம் மட்டும். எஸ்.பி.க்குக் கழுத்துப் பக்கம் சிங்கமும் தோள்முனைப் பக்கம் ஒரு நட்சத்திரமும். எஸ்.பி.யிலேயே மூத்த நிலைக்கு இரண்டு. டி.ஐ.ஜி.க்குச் சிங்கத்தின் கீழ் மூன்று நட்சத்திரங்கள் முக்கோணமாக அமர்ந்திருக்கும். அதற்கும் மேலே போனால் வாளும் கோலும் குறுக்காகப் பின்னிய சின்னம். அதன் மேல் நட்சத்திரம் இருந்தால் ஐ.ஜி., சிங்கம் இருந்தால் ஏ.டி.ஜி.பி. அல்லது டி.ஜி.பி.

இந்த வரிசையை எங்கோ பார்த்த நினைவு வருகிறதா? ராணுவத்தின் வரிசையே இது. டி.எஸ்.பி.யின் தோள் கேப்டனின் தோள், டி.ஐ.ஜி.யின் தோள் பிரிகேடியரின் தோள். சிங்கம் இருக்கும் இடத்தில் ஆங்கிலேயர் காலத்தில் கிரீடம் இருந்தது. குடியரசானபோது கிரீடம் இறங்கி, சாரநாத்தின் சிங்கங்கள் ஏறின. ஆட்சி கைமாறியதை இத்தனை சிறிய உலோகத் துண்டு இவ்வளவு தெளிவாகச் சொல்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிமிர்கிறது. ராணுவத்தையும் காவல்துறையையும் பிரித்துக் காட்டும் இடம் காலர். மூத்த அதிகாரிகளின் காலரில் இருக்கும் பட்டை ராணுவத்தில் சிவப்பு, காவல்துறையில் கருநீலம்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தோள் காட்டுவது பதவித் தரத்தை; அவர் வகிக்கும் பொறுப்பைக் காட்டாது. மாநகரத்தில் உதவி ஆணையர், மாவட்டத்தில் டி.எஸ்.பி. - இருவர் தோளும் ஒன்றே. துணை ஆணையர் எஸ்.பி.யின் தோளோடு வருவார். ஏ.டி.ஜி.பி.கள் பலர் இருக்கும் மேடையில் மாநிலத்தின் தலைமை டி.ஜி.பி. எவர் என்பதைத் தோளை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. ‘தங்கப்பதக்கம்’ (1974) மாதிரியான பழைய போலீஸ் படம் ஏதாவது ஓடும்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வசனத்தில் சொல்லும் பதவியும் தோளில் இருக்கும் பதவியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

அடுத்தது நிறம். காக்கியை இந்திய மண்ணில் படைக்கு உடுத்திப் பார்த்தவர் ஹாரி லம்ஸ்டன். 1846-இல் பெஷாவரில் அவர் திரட்டிய ‘கைட்ஸ்’ படை, பளபளக்கும் சிவப்புச் சட்டையைத் தவிர்த்து மண்ணோடு மண்ணாக மறையும் நிறத்தை எடுத்துக்கொண்டது. மறைவதற்காகப் பிறந்த நிறம், இன்று கூட்டத்தில் முதலில் தெரிய வேண்டியவரின் நிறமாகிவிட்டது. காக்கியும் ஒன்றல்ல. துறை தரும் துணி ஒரு சாயல், அதிகாரி தானே எடுத்துத் தைத்துக்கொண்ட துணி இன்னொரு சாயல், பல சலவை கண்டு வெளுத்தது வேறொரு சாயல். ஒரே அணிவகுப்பில் இத்தனையையும் காணலாம்.

காக்கி இல்லாத இடங்களையும் தேடிப் பாருங்கள். கொல்கத்தா மாநகரக் காவலருக்கு வெள்ளை. அந்த நகர எல்லையைத் தாண்டினால் மேற்கு வங்கக் காவலருக்குக் காக்கி. நம் சென்னையில் போக்குவரத்துக் காவலரின் சட்டை வெள்ளை, கால்சட்டை காக்கி. எனக்கு மிகவும் பிடித்தது புதுச்சேரி. அங்கே காவலர் தலையில் இருக்கும் உருளை வடிவச் சிவப்புத் தொப்பி பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்றது. கடற்கரைச் சாலையில் மாலை வெயிலில் அந்தச் சிவப்பைப் பார்க்காமல் புதுச்சேரியிலிருந்து திரும்பாதீர்கள்.

சடங்கு நாள்களில் அதிகாரிகள் அணியும் தோல் பெல்ட்டைக் கவனியுங்கள். இடுப்பிலிருந்து ஒரு வார் வலத் தோளின் மேல் ஏறிப் போகும். இதற்கு ‘சாம் பிரவுன்’ என்று பெயர். சாமுவேல் பிரவுன் என்ற படை அதிகாரி 1858-இல் ரோகில்கண்ட் பகுதிச் சண்டையில் இடக்கையை இழந்தார். ஒற்றைக் கையால் வாளை உருவுவதற்கு உறை ஆடாமல் நிற்க வேண்டும். அதற்காக அவர் கண்ட வழிதான் அந்தக் குறுக்கு வார். ஒருவருடைய காயத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு உலகத்துப் படைகளின் மிடுக்காகிவிட்டது.

இனி மார்பு. இடப்பக்கப் பையின் மேல் இருக்கும் வண்ண வண்ண நாடாக்கள் அவர் வாங்கிய பதக்கங்களின் சுருக்கம். எல்லாவற்றிலும் உயர்ந்தது மார்பின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். அங்கிருந்து வெளிப்புறமாகப் படிக்க வேண்டும். குடியரசுத் தலைவரின் காவல் பதக்கம் 1951 மார்ச் 1 அன்று நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் செப்டம்பர் 15-ஐ ஒட்டி அண்ணா பதக்கமும், கள்ளச்சாராய ஒழிப்பில் சிறந்தவர்களுக்குக் காந்தியடிகள் காவலர் பதக்கமும் உண்டு. நாடா நிறைந்த மார்பைக் கண்டால் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். வீரத்துக்கான நாடா ஒன்றே இருந்தாலும் அது நீண்ட பணிக்கான நாடாக்களுக்கு முன்னால் நிற்கும். தமிழகக் காவலரின் இடக் கையில் ஒரு சின்னம் இருக்கும். 2022 ஜூலை 31 அன்று சென்னை ராஜரத்தினம் மைதானத்தில் குடியரசுத் தலைவர் கொடி வழங்கப்பட்டதன் அடையாளம் அது. காவலர் முதல் டி.ஜி.பி. வரை எல்லோருக்கும் அது பொது.

நிதானமாகப் பார்க்க, எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021-இல் திறந்த காவல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். உயிரோட்டமாகப் பார்க்க, குடியரசு நாள் காலையில் மெரினாவுக்குப் போக வேண்டும். சீக்கிரம் போய், அணிகள் காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நகரும்போது தோள் பிடிபடாது.

கடைசியாக வலப்பக்கப் பையின் மேல் இருக்கும் பெயர்ப் பட்டை. சீருடையில் நான் எதையும்விட அதிகமாக மதிப்பது அதைத்தான். மற்றதெல்லாம் மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான பேச்சு. குடிமக்களுக்கென்றே அமைந்தது இது ஒன்றுதான். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கைது செய்கிறவர் தன் பெயரும் பதவியும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். பிறகு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41பி பிரிவாக ஏறியது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 36-ஆவது பிரிவு. ஆகவே தோளில் பதவியைப் படித்த கையோடு வலப்பக்கம் பெயரையும் படித்துப் பழகுங்கள். ‘இன்ஸ்பெக்டர் ஐயா’ என்பதோடு நில்லாமல் பெயரும் தெரிந்து பேசுகிறவரிடம் காவலரும் மரியாதையோடு பேசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் மழைக்கோட்டும், இரவில் ஒளிரும் மேலங்கியும், கலவரத் தடுப்புக் கவசமும் போட்டுக்கொண்டால் முதலில் மறைவது இந்தப் பட்டைதான். பெயர் மிகவும் தேவைப்படும் நேரங்களும் அவையே. அந்த மேலங்கிகளின் மார்பிலும் முதுகிலும் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர வேண்டும். சீருடையின் அடுத்த மாற்றம் இதுவாக இருக்கட்டும்.