கடலைக் காய்ச்சும் ஊரில் சிலந்தி நண்டு

கால்களை விரித்தால் சிலந்தியேதான். மீன்தொட்டிக்காரர்கள் ‘டெக்கரேட்டர் கிராப்’ என்கிறார்கள். விலங்கியல் பெயர் காம்போசியா ரெட்டூசா. உடம்பெங்கும் கொக்கிபோல வளைந்த மயிர்கள். பாசி, கடற்பஞ்சு என்று அகப்பட்டதைக் கிள்ளி அவற்றில் மாட்டிக்கொள்ளும். இது இந்தியப் பெருங்கடலுக்குச் சொந்தக்காரன். இதைவிடப் பெயர்பெற்ற அம்பு நண்டு கரீபியன் பக்கத்துப் பிறவி.

இலங்கையில் கடலின் அலங்கார உயிர்கள் ஏற்றுமதிச் சரக்கு. சுழியோடிகள் பருவத்தோடு கரை மாறுவார்கள்: தென்மேற்குப் பருவக் காற்றில் திருகோணமலைப் பக்கம், வடகிழக்கில் மேற்கும் தெற்கும். பிடித்தவை சில நாள் தொட்டியில் கிடக்கும். தண்ணீருக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு ஆக்சிஜன் அடைத்த பை, கட்டுநாயக்க விமான நிலையம். அங்கே நண்டு வெறும் வழிப்போக்கன். சட்டமும் நண்டைவிடச் சுழியோடியைத்தான் உற்றுப் பார்க்கிறது: 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும், பவளத்தை உடைத்து மீனை விரட்டிப் பிடிக்கும் மொக்சி வலைக்குத் தடை.

ஆந்திராவின் சித்தூரில் நண்டு குடித்தனக்காரன். சித்தூருக்குக் கடல் இல்லை. அதிலிருந்து பிரிந்து 2022இல் பிறந்த திருப்பதி மாவட்டத்துக்கு நெல்லூரிலிருந்து சூலூர்பேட்டை வந்து சேர்ந்ததில் பழவேற்காடு ஏரியும் கொஞ்சம் கடற்கரையும் கிடைத்தன. ஆனால் ஏரித் தண்ணீர் தொட்டிக்கு ஆகாது. மழைக்கு உப்பு இறங்கும், கோடைக்கு ஏறும். எனவே கடலை வீட்டிலேயே காய்ச்ச வேண்டியதுதான். போர்த் தண்ணீரை ஆர்.ஓ.வில் வடித்து, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் செயற்கைக் கடலுப்பு கரைத்து, ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பார்ப்பார்கள். புதியவர்கள் சறுக்குவது இதற்குப் பிறகு. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்புநீரையே ஊற்றினால் சில வாரங்களில் நண்டுக்கு மூச்சு முட்டும். 40 பாகையைத் தாண்டும் சித்தூர்க் கோடையில் சில்லர் இல்லாமல் இந்த ஆசையே வேண்டாம் என்பேன். மீன் நோய்க்கென்று தாமிர மருந்து விட்டாலும் நண்டு பிழைக்காது.

ஒப்பனையிலும் வேறுபாடு உண்டு. இலங்கைப் பாறையில் அது தானே பொறுக்கி உடுத்தும். இங்கே 2001 முதல் பவளமும் கடல்விசிறியும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில். கரையிலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்தாலும் குற்றம். ஆகவே வளர்ப்பவர் போடும் பாசிதான் அதற்கு உடை. சிலர் வண்ண நூல் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

ஒருநாள் காலையில் தொட்டி மூலையில் அசையாத கூடு கிடக்கும். ‘எண்ட்ரக்காய சச்சிப்போயிந்தி’, நண்டு செத்துப்போச்சு என்று தெலுங்கில் போன் வரும். பாறை இடுக்கைப் பாருங்கள் என்பேன். சட்டை உரித்த நண்டு, மெத்தென்ற புது ஓட்டோடு அங்கே ஒளிந்திருக்கும், உடுக்கப் பாசியில்லாமல்.