எனக்காக அல்ல

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். அதன் முழக்கம்: 'எனக்காக அல்ல, உனக்காக'. கவிதை படிக்கிற பழக்கத்தில் இதையும் ஒரு வரியாகவே பிரித்துப் பார்க்கிறேன். 'எனக்காக' என்று வாழ்ந்து பழகியவருக்குத்தான் அந்த 'அல்ல' ஒரு துறவு. அப்பாவுக்காக, தம்பிக்காக, இனி வரப்போகிறவனுக்காக என்றே வளர்க்கப்பட்ட பெண் இந்த வரியில் எதைத் துறப்பாள்?

இருபாலர் கல்லூரி ஒன்றில் திட்ட அலுவலராக இருந்தேன். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். பையன்கள் ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் வெட்டினார்கள். பெண்கள் பள்ளி வளாகத்தைக் கூட்டினார்கள், கோலம் போட்டார்கள். மாலை ஆறு மணியானால் கட்டடத்துக்குள் போட்டுப் பூட்டிவிடுவோம். இரண்டாம் நாள் சமையல்காரர் வரவில்லை. யாரும் சொல்லாமலேயே மாணவிகள் அடுப்படிக்குப் போனார்கள், ஐம்பது பேருக்கு வடித்தார்கள். கடைசி நாள் பணிக் குறிப்பேடு எழுதும்போது ஒருத்தி கேட்டாள்: "அம்மா, சமைச்சதை எத்தனை மணி நேரம்னு போடட்டும்?"

"அதெல்லாம் கணக்குல வராதும்மா" என்றேன்.

அவள் அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். பெண்ணின் உழைப்பு கணக்கில் வராமல் போவதைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான்.

தொண்டு என்பதே பெண்ணுக்கு ஆகாது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன இளம்பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். கற்க வந்தவர்களும் கற்றார்கள். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள், ஆயிரக்கணக்கில். அங்கே கொடுத்தவளும் பெற்றவளும் ஒரே சாலையில் மிதித்துப் போனார்கள். எனக்காகவும்தான், உனக்காகவும்தான். நம் முகாம்களில் அந்த 'எனக்காக' எங்கே?

இன்னொன்றும் உறுத்துகிறது. பதினெட்டு வயதாகி ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய ஒவ்வொரு மாணவியும் தன் ஊர்க் கிராம சபையின் உறுப்பினர். வரவு செலவைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை இருக்கிற ஊரை விட்டுவிட்டு, எந்த உரிமையும் இல்லாத ஊருக்கு விளக்குமாற்றோடு அழைத்துப் போகிறோம். ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அந்த நாற்காலியில் கணவர் உட்காருவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். உட்காரப் பழக்கினோமா?

போன காந்தி ஜெயந்திக்கு என் வகுப்புப் பெண்களை அவரவர் ஊர்க் கிராம சபைக்குப் போய், பார்த்ததை ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். பாதிப்பேர் போகவில்லை, வீட்டில் விடவில்லையாம். போனவர்களில் ஒருத்தி பதிவேட்டில் கையெழுத்திடக் குனிந்தபோது, "அப்பா வரலியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் வந்திருக்கேன்ல" என்றாளாம். பிறகு தெருவிளக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.