சங்கத் தலைமையும் சந்தாதாரர் வாக்கும்

உரிமைக்காகப் போராடும் இயக்கம் தன் தலைமையை எவ்வாறு தெரிகின்றது என்பதே அதன் கொள்கைக்கு உரைகல். மலையகத் தொழிற்சங்கங்களையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளர் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1952இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. வாக்கிழந்த பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தொழிலாளிக்குத் தன் கருத்தைச் சொல்ல எஞ்சிய மன்றம் தோட்டக் கமிட்டியே. நாடு மறுத்த குடிமைப் பயிற்சியைச் சங்கம் அளித்தது. இப்பெருமை மறுக்கற்பாலதன்று.

ஆயினும் அப்பயிற்சி லயத்து வாசலைத் தாண்டி மேற்செல்லவில்லை. தொண்டமான், அசீஸ் ஆகியோரின் தலைமைப் போட்டி 1950களின் நடுவில் பிளவாக முடிந்தது. 1999இல் சௌமியமூர்த்தி தொண்டமான் மறைந்தபின் தலைமை அவர்தம் பேரரிடம் சேர்ந்தது. போட்டி எழுந்தால் பிளவு, எழாவிடின் வாரிசு என்பதே நாம் காணும் வரலாறு. துரைமாரை எதிர்க்க ஒற்றுமை வேண்டும், ஆதலின் போட்டி ஆகாது என்பர் சிலர். போட்டியை முறைப்படுத்தாமையாலன்றோ ஒற்றுமை குலைந்தது?

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்கும் பிரசாவுரிமைக்கு வழி திறந்தது. பாராளுமன்ற உறுப்பினரை இரகசிய வாக்கால் தெரியும் கொழுந்து பறிக்கும் பெண், தன் சந்தாவில் வாழும் சங்கத்தின் நிர்வாக சபையையும் அவ்வாறே தெரிதல் வேண்டும். அரசிடம் கேட்ட உரிமையைச் சங்கம் தன் அங்கத்தவர்க்கு மறுத்தல் முறையாகுமா?